குளிர் போன பிறகு பூத்த நெல் ஏன் பதரானது?

வாசகர் கேள்வி: ஒரே ரக நெல்லை இரண்டு வயல்களில் 18 நாள் இடைவெளி விட்டு நட்டோம். முதல் வயலில் பயிர் கரும்பச்சையாக, பார்க்க அழகாக இருந்தது. கதிர் பிடிக்கும் நேரத்தில் யூரியாவும் கொஞ்சம் தாராளமாகவே போட்டோம். கதிர் முழுதாக வெளியே வந்தது. அறுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பதர். பின்னால் நட்ட வயலில் மணி நன்றாகப் பிடித்திருக்கிறது. முதல் வயலில் கதிர் வெளிவருவதற்குச் சுமார் 11 நாள் முன்பு, நான்கு நாள் கடுங்குளிர் அடித்தது. இரவில் 12, 13 டிகிரி, பகலிலும் மூட்டம். ஆனால் பூத்த நாட்களில் நல்ல வெயில். குளிர் போன பிறகு பூத்த பயிர் எப்படிக் குளிரால் கெடும்? பூக்கும்போது போரானும் ஜிப்ரலிக் அமிலமும் தெளித்திருந்தால் தப்பித்திருக்கும் என்கிறார்கள், உண்மையா? அந்த வயல் நெல்லை விதைக்கு எடுக்கலாமா? இதே குளிருக்குப் பிறகு தோட்டத்தில் குடைமிளகாயும் தட்டையாக, விதையில்லாமல் காய்க்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நீங்கள் எழுதிய 11 நாள் என்ற கணக்கிலேயே விடை இருக்கிறது. நெற்பயிரின் வாழ்நாளில் குளிரை அறவே தாங்காத சில நாட்கள் உண்டு. அவை பூக்கும் நாட்கள் அல்ல. கதிர் வெளிவருவதற்கு 10 முதல் 12 நாள் முன்பு, கதிர் இன்னும் உறைக்குள் பொதிந்து கிடக்கும் நாட்கள் அவை. மகரந்தத்தூள் உருவாவது அப்போதுதான். அந்த வேலை கெட்டுப்போனால் பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் பூவுக்குள் இருப்பது வெற்றுத்தூள்தான். பூ திறக்கும், மகரந்தப்பை வெளியே தொங்கும், ஆனால் கரு கூடாது. பின்னால் நட்ட வயல் தப்பியதற்கும் இதுதான் காரணம். அதே நான்கு நாட்களில் அந்தப் பயிர் கதிர் வர இன்னும் 29 நாள் பாக்கி இருந்த நிலையில், கதிர்க்குருத்து கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்திருக்கும். அந்தப் பருவத்தில் குளிர் அடித்தால் கதிர் சில நாள் பிந்தும், பெரிய சேதம் வராது.

உள்ளே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது புரிந்தால்தான் எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாது என்று நீங்களே முடிவு செய்ய முடியும்.

நெல்லின் ஒரு பூவில் ஆறு மகரந்தப்பைகள். ஒவ்வொன்றின் சுவரும் நான்கு அடுக்கு. உள்ளடுக்குக்கு டபீட்டம் என்று பெயர். மகரந்தத்தூளுக்கு உணவூட்டும் தாய் அடுக்கு அதுதான். தாய் செல் குன்றல் பகுப்படைந்து, அதாவது மரபுப்பொருள் பாதியாகும் வகையில் பிரிந்து, நான்கு நுண்வித்துக்களாக (இளம் மகரந்தத்தூள்) ஆகும்போது, அவற்றைச் சுற்றிக் கேலோஸ் என்ற சுவர் இருக்கும். டபீட்டம் சுரக்கும் நொதி அந்தச் சுவரைக் கரைத்து நான்கையும் விடுவிக்கிறது. விடுபட்ட அந்த நுண்வித்துக்குத் தாய்ச்செடியோடு எந்த நேரடி இணைப்பும் இல்லை. குழாய் இல்லாத தொட்டியில் மிதப்பதைப் போல, தன்னைச் சுற்றியுள்ள திரவத்திலிருந்துதான் சர்க்கரையை உறிஞ்ச வேண்டும்.

இலையிலிருந்து வரும் சர்க்கரை சுக்ரோஸ். செல்சுவரில் இருக்கும் இன்வர்டேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துக் கொடுத்தால்தான் நுண்வித்துக்குச் சாப்பாடு. குளிரில் அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவின் வேலை மகரந்தப்பைக்குள் மந்தமாகிவிடுகிறது. அப்போது நடப்பது வினோதமானது. குளிர்பட்ட மகரந்தப்பையைச் சோதித்தால் சுக்ரோஸ் குறைவாக இருக்காது, தேங்கிக் கூடுதலாக இருக்கும். உணவு வாசல்வரை வந்துவிட்டது, கதவு திறக்கவில்லை. அதனால்தான் குளிர் பதருக்குச் சர்க்கரைக் கரைசல் தெளிப்பதோ, இலை பச்சையாக இருக்கிறது என்று நம்பியிருப்பதோ வயலில் பலன் தருவதில்லை. உங்கள் பயிர் கரும்பச்சையாக இருந்தது என்கிறீர்கள். இலையின் செழிப்பு மகரந்தப்பைக்குள் நடப்பதைக் காட்டாது.

இரண்டாவது கோளாறு டபீட்டத்திலேயே நடக்கிறது. அந்த அடுக்கு தன் வேலை முடிந்ததும் குறித்த நேரத்தில் தானாகச் செத்துக் கரைய வேண்டும். அதன் சத்துதான் மகரந்தத்தூளின் மேல்தோலாகப் படிகிறது. குளிரில் அது சாகாமல் நீடிக்கிறது, சில பூக்களில் வீங்கிப்போய் உள்ளறையையே அடைக்கிறது. கூடவே பயிரின் ஹார்மோன்களில் அப்சிசிக் அமிலம் ஏறுகிறது, ஜிப்ரலின் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து டபீட்டத்தின் கால அட்டவணையைக் குலைக்கின்றன. கடைசியில் மகரந்தத்தூளுக்குள் மாவுச்சத்து ஏறாமல் போகிறது. உயிரோடு முளைக்க வேண்டிய தூள் சுருங்கிய வெறும் ஓடாக நிற்கிறது.

பெண் பாகத்துக்கு இந்தக் குளிரில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. குளிர்பட்ட செடியின் பூவில் நல்ல செடியின் மகரந்தத்தைத் தூவினால் மணி பிடிக்கிறது என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே சோதித்து உறுதியானது. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் சடாகே, ஹயாசே என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1970ல் இந்தப் பருவத்தை இன்னும் துல்லியமாகப் பிரித்துக் காட்டினார்கள். அதுவரை குன்றல் பகுப்பு நேரம்தான் ஆபத்து என்று கருதப்பட்டது. உண்மையில் அதற்குச் சற்றுப் பிந்தைய நிலை, அதாவது நான்காகப் பிரிந்து கேலோஸ் சுவரிலிருந்து வெளிவரும் இளம் நுண்வித்து நிலைதான் உச்ச ஆபத்து என்று நிறுவினார்கள். தப்புக்கணக்கு ஓரிரு நாள்தான். ஆனால் தண்ணீர் கட்டும் நாளைக் குறிப்பவருக்கு அந்த ஓரிரு நாள் முக்கியம்.

எத்தனை டிகிரியில் ஆபத்து என்று கேட்பீர்கள். இளம் நுண்வித்து நிலையில், குளிர் தாங்காத ரகங்களுக்கு 17 முதல் 19 டிகிரிக்குக் கீழேயே பதர் கூடத் தொடங்கும். தாங்கும் ரகங்களுக்கு அந்த எல்லை 15 முதல் 17 டிகிரி. ஒரே ஒரு இரவு 14 டிகிரி தொட்டு, மறுநாள் பகலில் நல்ல வெயில் அடித்தால் பயிர் ஓரளவு மீண்டுவிடும். மூன்று நான்கு நாள் தொடர்ந்து, பகலிலும் சூடு ஏறாமல் இருந்தால் மீளாது. உங்களுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. பரிசோதனைக் கூடங்களில் ரகங்களின் தாங்குதிறனைப் பார்க்கக் கொடுக்கும் தண்டனையே ஏறத்தாழ இதுதான்: 12 டிகிரியில் நான்கு நாள்.

மகரந்தம் கொஞ்சம் குறைந்தால் விளைச்சலும் அதே கணக்கில் கொஞ்சம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு மகரந்தப்பையில் ஆயிரத்துக்கும் மேல் தூள் இருக்கும். கருவுற ஒன்று போதும். சூல்முடியில் பத்துக்கு மேல் முளைத்தாலே பெரும்பாலும் மணி பிடித்துவிடும். அதனால் கால்வாசித் தூள் கெட்டாலும் விளைச்சலில் தெரியாது. ஓர் எல்லை தாண்டியதும் மளமளவென்று சரியும். போன வருடமும் குளிர் அடித்தது, ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவத்தை நம்பியிருக்கக் கூடாது என்பது இதனால்தான். போன வருடம் எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் போய்த் திரும்பினோம் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

குளிர்தான் காரணமா என்பதை உறுதி செய்ய வேண்டும். பதருக்குக் காரணங்கள் பல. வயலின் வெவ்வேறு இடங்களிலிருந்து 10 கதிர் எடுங்கள். மணிகளை விரலால் அழுத்தி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: முழு மணி, அரை மணி, வெற்று. வெற்று என்று தோன்றுவதில் ஒரு இருபதை உமி பிரித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். அடியில் சூற்பை ஊசிமுனை அளவில், வளராமல் காய்ந்து ஒட்டியிருந்தால் கரு கூடவே இல்லை. கொஞ்சம் நீண்டு, மெல்லிய தகடாக நின்றுபோயிருந்தால் கரு கூடியது, பிறகுதான் பட்டினி கிடந்தது. முதல் வகை கூடுதலாக இருந்தால் மகரந்தக் கோளாறு. இரண்டாவது வகை கூடுதலாக இருந்தால் பால் பிடிக்கும்போது வந்த மூட்டம், வறட்சி, நோய் இவற்றைத் தேட வேண்டும். எந்த நல்ல வயலிலும் நூற்றுக்கு 10, 15 பதர் இருக்கத்தான் செய்யும். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

கதிர் முழுக்க வெளுத்து, இழுத்தால் கையோடு வந்தால் அது குருத்துப்பூச்சி. கழுத்துக் கணு கறுத்திருந்தால் குலைநோய். உமியில் துளைத்தடமும் பழுப்புப் புள்ளியும் இருந்தால் கதிர் நாவாய்ப்பூச்சி. குளிர்ப் பதரின் கதிர் பச்சையாக, எடையில்லாமல் நிமிர்ந்தே நிற்கும். இன்னொரு நல்ல அடையாளம் தூர்களுக்கு இடையே தெரியும் வித்தியாசம். ஒரே குத்தில் தாய்த்தூர் பதராகி, பிந்திய சிறுதூர்கள் நன்றாக மணி பிடித்திருந்தால் காரணம் மண்ணோ சத்துக்குறையோ அல்ல, நேரம். அந்த நான்கு நாளில் எந்தத் தூர் எந்த நிலையில் இருந்ததோ அதன்படி பலன் அமைந்திருக்கிறது. வாய்மடைப் பக்கம் மட்டும் பட்டையாகப் பதர் இருந்தால் காற்றின் குளிரைவிடப் பாசன நீரின் குளிரைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்த பருவத்தில் கதிர் வெளிவந்ததும், அறுவடை வரை காத்திராமல் மகரந்தத்தை நேரடியாகச் சோதிக்கலாம். ஒரு சாதாரணப் பள்ளிக்கூட நுண்ணோக்கி போதும். 100 மி.லி. தண்ணீரில் முதலில் 2 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கரைத்து, பிறகு 1 கிராம் அயோடினைப் போடுங்கள். வரிசை மாறினால் அயோடின் சரியாகக் கரையாது. பழுப்பு நிறக் குப்பியில் வையுங்கள். காலையில் பூ திறப்பதற்கு முன், அன்றைக்குத் திறக்கப்போகும் பூக்களை எடுக்க வேண்டும். மகரந்தப்பை உமியின் மேல்பாதியைத் தாண்டி ஏறியிருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். அங்கேயே ஒரு தகவல் கிடைத்துவிடும்: நல்ல மகரந்தப்பை பருத்து மஞ்சளாக இருக்கும், குளிர்பட்டது மெலிந்து வெளுத்திருக்கும். ஆறு பைகளையும் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, ஊசியால் கிழித்து நசுக்கி, தோல்களை நீக்கி மூடுங்கள். சில நிமிடம் கழித்து 100 மடங்கில் பாருங்கள். உருண்டையாகக் கருநீலமாக இருப்பது மாவுச்சத்து ஏறிய நல்ல தூள். வெளிர் மஞ்சளாக, ஓரம் சுருங்கியது வெற்றுத்தூள். பாதி மட்டும் நிறமேறியதையும் வெற்றோடு சேர்த்து எண்ணுங்கள். வெவ்வேறு இடத்தில் மொத்தம் 300 எண்ணினால் நம்பத்தக்க சதவீதம் வரும். ஒரு கதிரின் உச்சிப் பூவை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கதிரின் உச்சியும் அடியும் ஒரே நாளில் வளர்ந்தவை அல்ல. உச்சி, நடு, அடி மூன்றிலிருந்தும் எடுங்கள்.

இனி தடுக்கும் வழி. இதில் முதல் வேலை ஆபத்தான நாளை வெளியிலிருந்தே கண்டுபிடிப்பது. கண்ணாடி இலையின் (கதிருக்கு முன் கடைசியாக வரும் இலை) அடியில், இலைப்பரப்பும் உறையும் சேரும் இடத்தில் இரண்டு சிறு இலைக்காதுகள் இருக்கும். அதற்கு முந்தைய இலைக்கும் அப்படியே. இந்த இரண்டு இலைக்காதுகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் நமக்குக் கடிகாரம். கண்ணாடி இலையின் காது முதலில் முந்தைய இலையின் உறைக்குள் கீழே மறைந்திருக்கும், நாளுக்கு நாள் மேலேறும். அது முந்தைய இலைக்காதுக்கு 4, 5 செ.மீ. கீழே இருப்பதிலிருந்து, ஏறிவந்து சமமாக நிற்கும்வரை உள்ள நாட்கள்தான் அந்தத் தூருக்கு அதிக ஆபத்து. ரகத்துக்கு ரகம் ஓரிரு செ.மீ. மாறும். வயலில் பத்து இடங்களில் தாய்த்தூரை எடுத்து, உறையைப் பிரித்து அளவுகோல் வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட தூர்கள் அந்த அளவுக்குள் வந்துவிட்டால் வயல் ஆபத்தில் நுழைந்துவிட்டது. எல்லாத் தூரும் ஒரே நாளில் வராது என்பதால் ஒரு வயலுக்கு இந்தக் காலம் 7 முதல் 10 நாள் வரை நீளும்.

அந்த நாட்களில் உங்கள் கையில் இருக்கும் மிகச் சிறந்த போர்வை தண்ணீர். காற்று 12 டிகிரிக்கு இறங்கும் இரவிலும், பகலில் சூடேறிய தண்ணீர் அவ்வளவு வேகமாக இறங்காது. ஆபத்தான நிலையில் கதிர் உறைக்குள் தாழ்வாகவே இருக்கிறது என்பது நமக்குச் சாதகம். ஒரு தூரை நீளவாக்கில் பிளந்து, மண்ணிலிருந்து கதிர் நுனிவரை அளந்து பாருங்கள். தண்ணீர் அந்த உயரத்தைத் தொட வேண்டும். வழக்கமாக 15 முதல் 20 செ.மீ. தேவைப்படும். வரப்பு 25 செ.மீ. உயரமாவது, கசிவில்லாமல் இருந்தால்தான் இது நடக்கும். எனவே வரப்பு வேலை நடவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். குளிர் வரும் என்று முன்னறிவிப்பு வந்த பிறகு மண்வெட்டி எடுத்தால் காலம் போதாது.

ஆழம் மட்டும் போதாது, தண்ணீர் சூடாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். குளிர் வந்த பிறகு பதறிப்போய்ப் பகல் முழுக்கக் கால்வாய் நீரை ஓடவிட்டால் வயல் சூடேறுவதற்குப் பதில் குளிர்ந்துகொண்டே இருக்கும். இரவிலோ விடியற்காலையிலோ பாய்ச்சி, வெயில் ஏறும்முன் மடையையும் வடிகாலையும் அடைத்துவிடுங்கள். நின்ற தண்ணீர் பகலில் சூடேறட்டும். நீர் 18 டிகிரிக்குக் கீழ் போனால் ஆழத்தால் பலன் குறைவு. மலை ஓடை நீர் நேராக வயலில் விழுகிறது என்றால், அதை வளைந்து நெளிந்து ஓடும் ஆழமற்ற வாய்க்கால் வழியாகவோ ஒரு சிறு தேக்கம் வழியாகவோ விடுவது நல்லது. குறைந்தபட்ச–அதிகபட்ச வெப்பமானி ஒன்றைக் கதிர் உயரத்திலும், இன்னொன்றைத் தண்ணீருக்குள்ளும் வையுங்கள். செய்தியில் வரும் வெப்பநிலை தரையிலிருந்து மேலே, நிழற்பெட்டிக்குள் அளந்தது. தாழ்வான வயலில் குளிர்காற்று வந்து தேங்கும்போது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆபத்தான நாட்களில் மட்டும் ஆழமாகக் கட்டுவதைவிட, கதிர்க்குருத்து தோன்றும் நாளிலிருந்தே 10 செ.மீ. தண்ணீர் வைத்து, பிறகு 20 செ.மீ.க்கு உயர்த்தினால் பாதுகாப்பு கூடும் என்று சடாகேயின் பிந்தைய ஆய்வுகள் காட்டின. முன்கூட்டிய வெதுவெதுப்பில் ஒவ்வொரு மகரந்தப்பையிலும் உருவாகும் தூளின் எண்ணிக்கையே கூடுகிறது. கையிருப்பு அதிகம் என்றால் குளிர் கொஞ்சம் தின்றாலும் மிச்சம் போதும். ஆபத்துக் காலம் முடிந்ததும் நீரை வழக்கமான அளவுக்கு இறக்கிவிடுங்கள். நீண்ட நாள் வைத்தால் பயிர் சாயும்.

அடுத்தது யூரியா. உங்கள் முதல் வயலில் சேதம் இவ்வளவு போனதில் அந்தத் தாராள மேலுரத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. தழைச்சத்து கூடினால் ஒரு கதிரில் பூக்கள் கூடும். ஆனால் ஒரு மகரந்தப்பையில் உருவாகும் நல்ல தூளின் எண்ணிக்கை குறையும். சாதாரணக் காலத்தில் இது தெரியாது, குளிர் வந்தால் தெரிந்துவிடும். குளிருக்கு வாய்ப்புள்ள பருவத்தில் கதிர்க்குருத்து நேர மேலுரத்தைப் பாதியாக்குங்கள். இலை ஏற்கெனவே கரும்பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். விட்டதில் கொஞ்சம் பூக்கள் குறையலாம், அது பதராகப் போவதைவிட மேல்.

நடவு நாளையும் ரகத்தையும் பற்றிச் சுருக்கமாக: குளிர் வழக்கமாக வரும் வாரத்தைக் குறித்து, அதில் 11 நாளைக் கூட்டினால் கதிர் வரக்கூடாத நாள் கிடைக்கும். அதிலிருந்து ரகத்தின் வயதைப் பின்னோக்கி எண்ணி நடவை முன்தள்ளவோ பின்தள்ளவோ செய்யுங்கள். எல்லா வயலையும் ஒரே நாளில் நடாமல் நீங்கள் செய்ததைப் போலப் பிரித்து நட்டது இந்த முறை உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ரகம் தேர்ந்தெடுக்கும்போது நாற்றுப் பருவத்தில் குளிர் தாங்கும் என்பதையும் பூட்டைப் பருவத்தில் (கதிர் உறைக்குள் பொதிந்திருக்கும் பருவம்) தாங்கும் என்பதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு மரபணுக்களின் வேலை. நாற்றில் குளிரைத் தாங்கும் ரகம் கதிரில் கைவிடலாம். பூட்டைப் பருவத் தாங்குதிறனுக்கு வெளியே தெரியும் ஓர் அடையாளம் நீளமான மகரந்தப்பை. ஜப்பானியத் தாவர வளர்ப்பாளர்கள் அதைத் தேர்வுக்குப் பயன்படுத்தினார்கள். 1993ல் கோடை குளிர்ந்துபோய் ஜப்பானில் நெல் விளைச்சல் வழக்கத்தின் முக்கால் பங்கு அளவுக்கு விழுந்து, அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. இந்தச் சில நாள் பருவத்தின் மேல் அங்கே இவ்வளவு ஆராய்ச்சி குவிந்திருப்பதன் காரணம் அத்தகைய ஆண்டுகள்தான்.

போரான் பற்றி. போரான் பற்றாக்குறையும் மகரந்தத்தைக் கெடுக்கும், குறிப்பாகக் கோதுமையில். அதனால்தான் இந்தக் குழப்பம். மண்ணில் போரான் குறைவு என்று பரிசோதனை சொன்னால் போடுங்கள், அது தனி வைத்தியம். போதுமான அளவு இருக்கும் மண்ணில் கூடுதலாகத் தெளித்தால் குளிர்ப் பதர் குறையாது. போரானில் பற்றாக்குறைக்கும் நச்சுக்கும் இடைவெளியும் குறுகியது, இலை நுனி கருகும். ஜிப்ரலிக் அமிலம் வீரிய விதை உற்பத்தியில் கதிரைக் கண்ணாடி இலை உறையிலிருந்து வெளியே தள்ளப் பயன்படுகிறது. பூக்கும் நாளில் அதைத் தெளித்தால் கதிர் நீளும், 11 நாள் முன்பு வெறுமையாகிவிட்ட தூளுக்குள் மாவுச்சத்து ஏறாது. குளிர் அடிக்கும்போதே சர்க்கரையோடு சேர்த்துக் கொடுத்தால் மலட்டுத்தன்மை ஓரளவு குறைகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் உண்டு. வயலுக்கான பரிந்துரையாக அதை நான் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தை வரப்பு உயர்த்தச் செலவழியுங்கள்.

விதைக்கு எடுக்கலாமா என்பதற்கு: பிடித்த மணிகள் முளைக்கும், குளிர்பட்ட மலட்டுத்தன்மை அடுத்த தலைமுறைக்குப் போகாது. ஆனால் வேறு ஒரு சிக்கல். நெல் தன் மகரந்தத்தையே ஏற்கும் பயிர். தன் தூள் கெட்டுப்போன பூ வழக்கத்தைவிட நீண்ட நேரம் திறந்திருக்கும், காற்றில் வரும் அயல் தூளை ஏற்கும். பக்கத்தில் வேறு ரகம் பூத்திருந்தால் கலப்பு கூடியிருக்கும். எனவே அந்த வயலில் விதை எடுக்காதீர்கள், பின்னால் நட்ட வயலில் எடுங்கள். பதர் நடுவே நன்றாக மணி பிடித்த கதிர்களைப் பொறுக்கிக் குளிர் தாங்கும் விதை என்று வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை தாங்கியவை அல்ல, அந்த நான்கு நாளில் வேறு நிலையில் இருந்து தப்பியவை. இதே திறந்த பூ விஷயம் சோளத்தில் நோயாகவே மாறும். பூப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு இரவுகள் 13 டிகிரிக்குக் கீழ் போய் மகரந்தம் குறைந்தால், கருவுறாத சூற்பைகள் தேன் ஒழுகல் நோய்ப் பூஞ்சைக்கு வாசலாகிவிடுகின்றன. கருவுற்ற சூற்பையில் அந்தப் பூஞ்சை எளிதில் நுழைவதில்லை.

இரண்டு வழி முறையில், அதாவது ஆண், பெண் என இரண்டே வரிசைகளைக் கலந்து, வீரிய விதை உற்பத்தி செய்பவர்களுக்கு இதன் தலைகீழ் ஆபத்து ஒன்று உண்டு. வெப்பத்தில் ஆண்மலடாக இருக்கும்படி தேர்ந்த பெண் வரிசைகள், அதே பூட்டைப் பருவத்தில் சில நாள் குளிர்ந்தால் வளமான மகரந்தத்தை உண்டாக்கித் தன்னையே கருவுறச் செய்துகொள்ளும். வீரிய விதையோடு கலப்பற்ற தாய் வரிசை விதையும் சேர்ந்துவிடும். அங்கேயும் தண்ணீர் வெப்பநிலையும் இலைக்காது அளவும்தான் காவல்.

இனி குடைமிளகாய். ஆம், தொடர்பு நேரடியானது. இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழ் தொடர்ந்தால் மிளகாய் இனங்களில் மகரந்தம் ஒழுங்கற்று, மாவுச்சத்து குறைந்து உருவாகும். நெல்லில் கரு கூடாவிட்டால் பதர். குடைமிளகாயில் கரு கூடாமலேயே சூற்பை கொஞ்சம் பருக்கும். அதனால்தான் பொத்தான் போலத் தட்டையான, விதையில்லாத காய். ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: விதை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கச் சதை மட்டும் புடைத்திருக்கும். காயின் வடிவத்தைத் தீர்மானிப்பது விதைகளின் எண்ணிக்கை. தக்காளியிலும் இரவு 10 டிகிரிக்கு இறங்கினால் இதே கதை. மாமரத்தில் பூங்கொத்து வளரும்போது குளிர் பட்டால் விதையில்லாத சுண்டைக்காய் அளவுப் பிஞ்சுகள் நிற்பதும், கொண்டைக்கடலையில் பகலிரவுச் சராசரி 15 டிகிரிக்குக் கீழ் இருக்கும்வரை பூ பூவாக உதிர்வதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பூவைத் தட்டிவிடுவதோ தூரிகையால் தடவுவதோ உதவாது, ஏனென்றால் தூவ நல்ல தூளே அந்தப் பூவில் இல்லை. சூடான இடத்தில் வளரும் இன்னொரு செடியின் பூவிலிருந்து தூள் எடுத்துத் தடவினால் காய் ஒழுங்காகப் பிடிக்கும். இதைக் காலையில், இதழ் அன்றுதான் விரிந்த பூவில் செய்யுங்கள். இந்தச் செடிகளில் அயோடின் சோதனை செய்து ஏமாறாதீர்கள். மிளகாய், தக்காளி மகரந்தம் பூ விரியும் நேரத்தில் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். நல்ல தூளும் நிறமேறாமல் நிற்கும். முளைப்புச் சோதனைதான் சரி: ஒரு லிட்டர் நீரில் சர்க்கரை 100 கிராம், போரிக் அமிலம் 100 மி.கி., கால்சியம் நைட்ரேட் 300 மி.கி., மெக்னீசியம் சல்பேட் 200 மி.கி., பொட்டாசியம் நைட்ரேட் 100 மி.கி. ஒரு சொட்டில் தூளைத் தூவி, ஈரத்தாள் விரித்த மூடிய தட்டில் 25 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். தூளின் விட்டத்தைவிட நீளமாகக் குழல் விட்டதை மட்டும் முளைத்ததாக எண்ணுங்கள். நெல் மகரந்தத்துக்கு இந்தச் சோதனை கடினம், பையை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களில் செத்துவிடும்.

தட்டைக் காய்களை இப்போதே கிள்ளி எறிந்துவிடுங்கள், அவை பெரிதாகா. மாலையில் வெயில் இறங்கும்முன் செடிகளை மூடாக்குத் துணியால் போர்த்தி, இரவு வெப்பம் 16 டிகிரிக்குக் கீழ் போகாமல் பாருங்கள். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள், உள்ளே வெந்துபோனால் மகரந்தம் இன்னொரு வழியில் கெடும். போர்த்திய மறுநாளே பலனை எதிர்பார்க்க வேண்டாம். குடைமிளகாயில் மகரந்தம் உருவாகத் தொடங்குவது பூ விரிவதற்கு இரண்டு வாரத்துக்கும் முன்பு. இன்று செடியில் தெரியும் பெரிய மொட்டுகள் குளிரில் உருவானவை, அவற்றின் காய் எப்படியும் கோணலாகத்தான் வரும். கடுகு அளவில் இருக்கும் மொட்டுகளில்தான் நல்ல காய் இருக்கிறது.